முதல் லெவல் ஆளுக்கும் ஒரு முகம் உண்டு



தாயம் ஆடாத வீடு நம்ம ஊரில் இருக்காது. கட்டையை உருட்டுவோம், காயை நகர்த்துவோம். அந்தக் காய்க்கு ஒரு பேரும், ஊரும், ஒரு பயமும் இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு விளையாட்டு இருக்கிறது. பெயர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் உருவாக்கி 1974-ல் வெளியிட்டது.

ஒருத்தர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகி, "நான் கதவைத் தட்டுறேன்", "நான் மரத்துல ஏறுறேன்" என்று வாயால் சொல்லியே ஆட வேண்டும். அந்தக் காரியம் முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் 20 முகமுள்ள கட்டையை உருட்டிப் பார்ப்போம். பாத்திரங்கள் முதல் லெவலில் ஆரம்பித்து 20-ஆம் லெவல் வரை வளரலாம்.

எங்களுக்குக் கதை நடத்துவது என் பெரியம்மா மகள். காலேஜில் கற்றுக்கொண்டு வந்த அக்கா. ஆடுவது நான், என் தம்பி, எதிர் வீட்டுப் பையன் ஆகிய மூன்று பேர். நாங்கள் ஆடுவது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு.

பாத்திரத்துக்கு ஆறு தகுதிகள்: வலிமை, சுறுசுறுப்பு, உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம். அவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுக்க 15, 14, 13, 12, 10, 8 என்று ஆறு எண்கள். தம்பியும் எதிர் வீட்டுப் பையனும் போர்வீரனையே எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் அதே வாள், அதே இரும்பு வளையச் சட்டை, அதே 12 உயிர்ப் புள்ளி.

"ஏன்டா, ரெண்டு பேரும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கீங்க?" என்றாள் அக்கா.

"முதல் லெவல்ல அவ்வளவுதான் அக்கா. அஞ்சாவது லெவல் போனா ஒரே நேரத்துல ரெண்டு தடவை வெட்டலாம். அப்பப் பாருங்க!" என்றான் தம்பி.

"அப்பவும் ரெண்டு பேரும்தானே ரெண்டு தடவை வெட்டுவீங்க?"

தம்பியிடம் பதில் இல்லை. பலம் கூடுவதால் மட்டும் ஆள் தனியாகத் தெரிய மாட்டான் என்பது அந்த ஒரு கேள்வியில் எங்களுக்குப் புரிந்துவிட்டது.

பிறகு அக்கா கேட்ட கேள்விகள் இவைதான். உன் ஆளுக்கு இந்த வாரத்துக்குள் என்ன வேண்டும்? யாருக்குக் கடன்பட்டிருக்கிறான்? பையில் என்ன வைத்திருக்கிறான்? எல்லாவற்றையும் விட முக்கியமாக, அந்த 8-ஐ எங்கே வைக்கப் போகிறாய்?

நாம எப்பவும் 15-ஐ எங்கே வைக்கலாம் என்றுதான் யோசிப்போம். ஆனால் கதை வந்தது 8-லிருந்துதான்!

தம்பி 8-ஐ அறிவுக்கு வைத்தான். அவன் வீரனுக்குப் படிக்கத் தெரியாது. பையில் அம்மா எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. ஊருக்கு ஊர் யாரையாவது படித்துக்காட்டச் சொல்வான். அவர்கள் பிரித்ததும், "வேணாம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று பிடுங்கிக்கொள்வான். எதிர் வீட்டுப் பையன் 8-ஐ வசீகரத்துக்கு வைத்தான். அவன் வீரன் கோயில் மணி அடித்து அடித்துப் பாதிக் காது போனவன். ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வான். வாளும் சட்டையும் மாறவேயில்லை. ஆனால் இப்போது இருட்டில் நின்றாலும் யார் யாரென்று தெரிந்துவிடும்.

விளையாட்டின் விதியே இதற்கு இடம் கொடுக்கிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குணங்கள், ஒரு கொள்கை, ஒரு பந்தம், ஒரு குறை எழுதச் சொல்கிறது புத்தகம். அதன்படி நன்றாக ஆடினால் கதை நடத்துபவர் ஒரு பரிசு தரலாம். அந்தப் பரிசு கையில் இருந்தால் 20 முகக் கட்டையை இரண்டு தடவை உருட்டிப் பெரிய எண்ணை வைத்துக்கொள்ளலாம். யோசித்துப் பாருங்கள், குறையை மறைக்காமல் ஆடினால் பரிசு!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் லெவல் ஆள் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி. 'கோப்ளின்' என்ற குட்டிப் பூதத்தின் ஒரு வெட்டு 8 புள்ளி வரை போகும். மந்திரவாதிக்கு ஆரம்பத்தில் 6, 7 புள்ளிதான் இருக்கும். அதனால் பத்துப் பக்கத்துக்கு வரலாறு எழுத வேண்டாம், நாலு வரி போதும். மீதியை ஆட்டத்தில் சம்பாதிக்கலாம். குறையும் எல்லாருக்கும் சுவையாக இருக்க வேண்டும். கூட வருகிறவர்கள் பையிலேயே திருடுகிற ஆள் இரண்டாவது வாரமே சலித்துப்போவான்.

இனி என் பாத்திரம். நான் எடுத்தது ஒரு பாடினி. நம்ம பாணர்களைப் போல ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவள். என் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும், எனக்குத் திக்கும். என் ஆளும் திக்குவாள் என்றேன். "அப்போ 8 வசீகரத்துக்கா?" என்று தம்பி கேட்டான். அக்கா முந்திக்கொண்டு, "திக்கினா வசீகரம் குறையும்னு யார் சொன்னது?" என்றாள். 15-ஐ வசீகரத்துக்கு வைத்தேன், 8-ஐ வலிமைக்கு. மந்திரத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், வாயைக் கட்டிவிட்டால் பலிக்காது என்று விதி இருக்கிறது. திக்கினால் பலிக்காது என்று எங்கேயும் இல்லை!

பாடினிக்கு ஒரு மந்திரம் உண்டு. திட்டியே எதிரியை அடிப்பது. ஒரு நாள் இரண்டு வீரர்களும் கீழே விழுந்துவிட்டார்கள். எதிரே ஒரு கோப்ளின். அதற்கு மிச்சம் 2 புள்ளி. என் முறை. "பொ... பொ..." என்று நின்றுவிட்டேன். கடையில், பஸ்ஸில், வகுப்பில் எல்லாம் இந்த இடத்தில் யாராவது என் வாக்கியத்தை முடித்துவிடுவார்கள். அன்று மூன்று பேரும் பேசாமல் காத்திருந்தார்கள். "பொ... பொந்துக்குள்ள ஒளியிற எலியே!" என்று முழுசாகச் சொல்லி முடித்தேன். கோப்ளின் தப்பிக்க அக்கா கட்டை உருட்டினாள், தப்பவில்லை. நான் நாலு முகக் கட்டையை உருட்டினேன். மூன்று! கோப்ளின் சாய்ந்தது. தம்பி போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

நண்பர்களே, 20 முகக் கட்டை இல்லையென்றால் 1 முதல் 20 வரை சீட்டு எழுதி டப்பாவில் குலுக்குங்கள். ஒரு பென்சிலும் தாளும் போதும். ஆள் செய்யும்போது முதலில் 8-க்கு இடம் தேடுங்கள்.

அப்படியே இன்னொன்று. அடுத்த வாரம் பிரேயரில் செய்தி வாசிப்பது என் முறை. எங்கேயாவது நின்றால் தயவுசெய்து நீங்கள் முடிக்காதீர்கள். கொஞ்சம் காத்திருங்கள். நானே முடிப்பேன்.

– 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு