கணவாய்க்கு அப்பால்

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், சமவெளிப் பங்கொன்றில் மறைக்கல்வி நடத்திக்கொண்டிருந்தேன். விலங்கியல் பயின்ற இளைஞன் ஒருவன் எழுந்து, "சாமி, இறைவன் எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே படைத்துவிட்டார் என்றால், புதிய இனங்கள் பின்னர் எப்படித் தோன்றுகின்றன?" என்று வினவினான். "அவையெல்லாம் ஊகங்கள், உட்கார்" என்றேன். உடனிருந்தோர் நகைத்தனர். அதன்பின் அவன் வகுப்புக்கு வரவில்லை.

உண்மையில் எனக்கு விடை தெரியவில்லை. பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996இலேயே திருப்பீட அறிவியல் கழகத்திற்கு எழுதியிருந்தார். குருமடத்தில் அதைப் படித்தும் இருந்தேன்.

இப்போது பழனி மலையில் பணிபுரிகிறேன். விடியற்காலைத் திருப்பலிக்குச் செல்லும் வழியில், சோலைக்காட்டின் ஓரத்தில் ஒரு சிறு நீலக் குருவியைக் காண்பதுண்டு. நீண்ட கால்களால் தத்தித் தத்தி இரை தேடும்; வயிறு வெண்மை. நீலகிரியிலும் இதன் உறவுக் குருவி உண்டு. அதன் விலாப்புறம் செம்பழுப்பு. இரண்டிற்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. 30 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலம், வெப்பமான தாழ்நிலம். நமக்கு அது இரயில் பயணத்தில் சிறிது நேரம். குளிர்ந்த சோலையின் நிழலை விட்டகலாத இக்குருவிக்கோ அது கடல்.

இரண்டும் ஒரே மூதாதையரின் வழிவந்தவை. கூட்டங்களுக்கிடையே பகை ஏதும் எழவில்லை. கலப்பு நின்றது, அவ்வளவே. ஒரு மலையில் நேர்ந்த சிறு மரபணு மாற்றம் மறு மலைக்குப் போய்ச் சேரவில்லை. அத்தகைய மாற்றங்கள் நெடுங்காலம் தனித்தனியே குவிந்தன. நிறம் வேறாயிற்று, மரபணுவும் வேறாயிற்று. நூல்களோ பல்லாண்டுகள் இவற்றை ஒரே இனத்தின் இரு வகைகள் என்றே எழுதின. மரபணு ஆய்வு அதை மாற்றியது. 2017இல் ஆய்வாளர் இவற்றிற்குச் 'சோலிக்கோலா' என்னும் புதிய பேரினப் பெயரைச் சூட்டினர். நம் 'சோலை'யோடு, வாழ்பவர் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லைச் சேர்த்த பெயர். குருமடத்தில் கற்ற இலத்தீன் இங்கு உதவியதில் எனக்குச் சிறு மகிழ்ச்சி! செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கேயுள்ள குருவியை அவர்கள் மூன்றாவது இனமாக்கினர். அதை எல்லாரும் ஏற்கவில்லை. பிரிவு எந்த இடத்தில் முழுமை பெற்றது என்று கோடு கிழிப்பது எளிதன்று போலும்.

சென்ற மாதம் அவ்விளைஞனின் தாயார் மலைக்கு வந்திருந்தார்கள். அவன் இன்று ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறானாம், கோவிலுக்கு வருவதில்லையாம். முகவரி பெற்று, இக்குருவியைப் பற்றி அவனுக்கு எழுதினேன். 'உட்கார்' என்றதற்கு மன்னிப்பும் கேட்டேன். வருவதானால் விடியலிலேயே வரவேண்டும், வெயில் ஏறினால் குருவி புதருக்குள் மறைந்துவிடும் என்றும் குறிப்பிட்டேன். மறுமொழி இன்னும் வரவில்லை.