பக்கத்து ஸீட்

சோம்பலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தம்மைச் சோம்பேறிகளாகக் கற்பனை செய்துகொண்டு எழுதுகிறார்கள். சோம்பேறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் எழுதியது குறைவு. நான் அப்படிப் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தேன்.

கடலூரில், மஞ்சக்குப்பத்துப் பக்கம், ஓர் அரசு அலுவலகம். எந்தத் துறை என்பது இங்கே அவசியமில்லை. மனுக்களைக் கவனிக்கும் வேலை. கிராமங்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு ஸீட்டுகளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒன்று எனக்கு, மற்றது அவருக்கு. நான் சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன். வெள்ளாற்றைத் தாண்டி, பி. முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று உட்கார்ந்து வந்து பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அவர் வீடு ஆபீஸிலிருந்து நடக்கும் தூரம். பத்தரைக்கு வருவார். முகம் கழுவித் துண்டை நாற்காலி முதுகில் உலர்த்துவார். பேப்பர் படிப்பார். டீ. பிறகு ஒரு கட்டை எடுத்து நாடாவை அவிழ்ப்பார், மேல்தாளைப் பார்ப்பார், மறுபடி கட்டுவார். பன்னிரண்டு மணிக்கு மேல் அவர் கட்டிய நாடாவை யாரும் அவிழ்த்துப் பார்த்ததில்லை.

கெட்டவர் என்று சொல்ல முடியாது. லஞ்சம் வாங்கினதில்லை. பியூன் வீட்டுக் குழந்தைக்கு ஜுரம் என்றால் ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடுகிறவர் அவர்தான். ஆபீஸ் முழுவதும் அவரை நேசித்தது. என்னை மதித்தது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

எங்கள் ஆபீஸ் நடைமுறைக்கு டாட்டன்ஹாம் முறை என்று பெயர். சென்னை ராஜதானிக் காலத்தில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வகுத்தது. வருகிற ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண். அந்த எண் எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏறும். எங்கே போயிற்று, எப்போது திரும்பிற்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசியில் தாளுக்கு ஆயுள் நிர்ணயம்: ஓ.மு. என்றால் ஓராண்டு வைத்திருந்து அழிப்பது, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். நுணுக்கமான முறைதான். ஆனால் ஒருவன் செய்யாததை இன்னொருவன் செய்தான் என்று எழுத அதில் பத்தி கிடையாது.

முதல் சில வருஷம் அவர் வேலையில் பாதியை நானே செய்தேன். தியாகம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அது ஒருவகைச் சேமிப்பு. அவர் கட்டுகள் உயர உயர என் மதிப்பும் உயர்ந்தது. அவர் சுறுசுறுப்பானவராக இருந்திருந்தால் நான் சாதாரண எழுத்தன். இது எனக்கு அப்போது தெரியாது என்று சொன்னால் பொய். தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் சிதம்பரம் திரும்பினால் கீழ சன்னதி டீக்கடையில் நண்பர்கள். எல்லோரும் படிக்கிறவர்கள், ஒன்றிரண்டு பேர் எழுதுகிறவர்கள். நான் புலம்பினால் அவர்களுக்கு உற்சாகம் வந்துவிடும். ஒருவர் மெல்வில்லின் பார்ட்ல்பியைச் சொல்வார் (1853): வக்கீல் ஆபீஸில் நகல் எடுக்க வந்தவன், ஒருநாள் வேலையை மரியாதையாக மறுத்துவிடுகிறான். இன்னொருவர் கோன்சரோவின் ஒப்லோமோவ் (1859). மார்க்ஸின் மருமகன் லஃபார்க் 1880-இல் சோம்பலின் உரிமையைப் பற்றி எழுதியதைச் சொல்லி, உங்கள் சகா ஒரு கலகக்காரர் என்று தீர்ப்புச் சொன்னவரும் உண்டு.

எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பக்கத்து ஸீட்காரர் இலக்கியமாகிவிட்டால் எரிச்சல் குறைகிறது. ஆனால் யோசித்தால் பார்ட்ல்பி கதையில் இன்னும் இரண்டு நகல் எழுத்தர்கள் இருக்கிறார்கள். அவன் மறுத்த தாள்கள் அவர்கள் மேஜைக்குத்தான் போகின்றன. அவர்களைப் பற்றி எந்த விமர்சகரும் டீக்கடையில் பேசக் கேட்டதில்லை. ஒப்லோமோவ் படுத்திருக்கிற கட்டிலுக்கு அடியில் பண்ணையடிமைகளின் உழைப்பு இருக்கிறது. லஃபார்க் கேட்டது எல்லோருக்கும் குறைந்த வேலை நேரம். ஒருவன் இன்னொருவன் தோளில் தூங்குகிற உரிமை அல்ல. சோம்பலைக் கலகமாகப் பார்ப்பது எழுதுகிறவர்களுக்குச் சௌகரியம். நான் ஞாயிற்றுக்கிழமை கவிதைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வீட்டில் தண்ணீர் பிடித்தது யார் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் சிதம்பரத்தில் ஐந்து தேர் ஓடும். மூலவரான நடராஜரே தேருக்கு வருவது இந்த ஊர் வழக்கம். சிறு வயதிலிருந்து வடம் பிடித்திருக்கிறேன். வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும்: ஒரு கட்டத்தில் நாம் இழுக்கிறோமா, வடம் நம்மை இழுத்துப் போகிறதா என்று தெரியாது. பிரான்ஸில் ரிங்கல்மான் என்ற விவசாய எஞ்சினியர் இதை அளந்தே பார்த்திருக்கிறார். தனியாகக் கயிறு இழுக்கிறவன் பலம் நூறு என்றால், எட்டுப் பேராக இழுக்கும்போது ஆளுக்குச் சுமார் ஐம்பதுதான் தேறுகிறது. 1913-இல் பிரசுரித்தார். எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததால் பலம் சிதறுகிறது என்பது அவர் கொண்ட முக்கியக் காரணம். 1974-இல் அமெரிக்காவில் சிலர் கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்களும் இழுப்பதாக நம்பவைத்துத் தனி ஆளை இழுக்கச் சொன்னார்கள். பின்னால் யாரும் இழுக்கவில்லை. ஆனாலும் அவன் குறைவாகவே இழுத்தான். அதாவது இன்னொருவன் இருக்கிறான் என்கிற நினைப்பே போதும்.

இதைப் படித்தபோது என் சகாவைப் புரிந்துகொண்டுவிட்டதாகச் சந்தோஷப்பட்டேன். அவர் பின்னால் நான் இருந்தேன், அதனால் அவர் இழுக்கவில்லை. எனவே நான் கையை எடுத்துவிட வேண்டும். அவர் பாரம் அவர் மேலேயே விழட்டும். மேலதிகாரிகள் கண்ணால் பார்க்கட்டும். ஆபீஸில் அனுபவசாலிகள் எல்லோரும் சொன்ன யோசனையும் இதுதான். நியாயமாகவே பட்டது. இன்றைக்கும் அதை எதிர்த்து எனக்கு வாதம் தெரியாது.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நெல் போனால் அடுத்த போகம். முந்திரி கன்று வைத்துக் காய்க்க நாலைந்து வருஷம். பலா இன்னும் அதிகம். ஒரு தலைமுறை வைத்ததை அடுத்த தலைமுறை தின்கிற மரங்கள் ஒரே காலையில் விறகாயின. பொங்கல் கழிந்ததும் எங்கள் ஆபீஸில் மனுக்கள் குவிந்தன. பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்கள், பெயர் மாறிப்போனவர்கள். நான் கையை எடுத்தது அந்த மாதத்தில்.

பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். ஒரு காணி முந்திரி. பட்டா இறந்துபோன புருஷன் பெயரில். பெயர் மாற்றாததால் பட்டியலில் இல்லை. மனு அவர் ஸீட்டுக்குரியது. நான் அதைப் படித்திருந்தேன், எண் எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. வாரிசுச் சான்று இணைத்திருந்தது. கிராம நிர்வாக அலுவலருக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் போதும். எனக்கு இருபது நிமிஷ வேலை. கட்டில் மேலிருந்து மூன்றாவதாக அந்தத் தாள் இருந்தது. மறுவாரம் பத்தாவதாகப் போயிற்று.

அவர் ஏழு தடவை வந்தார். பஸ் செலவு போக, ஒருநாள் கூலியும் போயிருக்கும். அநேகமாக என் சகா டீக்குப் போயிருக்கும் நேரம். காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு என்னிடம் வருவார்.

“சார், நீங்க கொஞ்சம் பாக்க முடியாதுங்களா?”

“அது என் ஸீட் இல்லம்மா. அவர் வரட்டும்.”

குரலில் கடுமை கிடையாது. உட்காரச் சொல்வேன். ஒருமுறை தண்ணீர் கொடுத்தேன். ஏழாவது தடவைக்குப் பிறகு அவர் வரவில்லை. அதற்குள் பட்டியலும் முடிந்து போயிருந்தது.

என் யோசனை பலித்தது. தேங்கிய தாள்கள் மேலே தெரிந்தன. என் சகாவுக்கு 17(ஏ) விதியின் கீழ் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. முகம் வெளிறிப் போய் என்னிடம் வந்தார். “சார், ஒங்களுக்குத் தமிழ் நல்லா வரும். ஒரு விளக்கம் எழுதிக் குடுங்களேன். பொண்ணு கல்யாணம் நெருங்குது.”

எழுதிக் கொடுத்தேன். புயலுக்குப் பிந்திய பணிச்சுமை, ஆள் பற்றாக்குறை, நீண்ட நாள் மாசற்ற பணி. ஒரு சொல் மிகையில்லாமல், ஒரு சொல் குறையில்லாமல். அந்த வருஷம் நான் எழுதியதில் அதுதான் சரியான உரைநடை. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் போனேன்.

நான் கையை எடுத்ததும் பாரம் அவர் மேல் விழும் என்று எண்ணியிருந்தேன். விழவில்லை. எழுத்தர்கள் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் கணக்குத் தீர்த்துக்கொண்டபோது அது மேஜைக்கு எதிரே நின்றவர் மேல் விழுந்தது. கயிறு இழுத்துப் பார்த்த விஞ்ஞானிகள் இழுக்கிறவர்களைத்தான் அளந்தார்கள்.

சகா இன்று ஓய்வு பெற்றுவிட்டார். நானும்தான். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறேன். அவர் சோம்பேறி. அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் அந்த மனு அவர் கண்ணில் படவேயில்லை. என் கண்ணில் பட்டது. ஓ.மு. போட்டுக் கட்டில் சேர்த்தார்கள். அடுத்த வருஷம் விதிப்படி அழித்திருப்பார்கள்.

‘அது என் ஸீட் இல்லம்மா.’ பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை.