210-க்கு அப்பால்

வெயிலுக்கு எதிரே எடுத்த படங்களில் கொஞ்ச நாளாகவே ஒரு மங்கல் தெரிந்தது. ஒரு ராத்திரி மொபைல் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் பிடித்துச் சாய்த்துப் பார்த்தேன். உள்கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளை இழைகள் கிளைவிட்டுப் படர்ந்திருந்தன. பூஞ்சை. அந்த 16-50 கிட் லென்ஸை இரண்டு மழைக்காலம் தோல்பையில் போட்டு பீரோவுக்குள் பூட்டி வைத்தது நான்தான். பூஞ்சைக்கு இருட்டும் ஈரமும் போதும். அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், சுத்தம் செய்தாலும் தடம் நின்றுவிடும்.

பழுது பார்ப்பவர் கண்ணில் லூப்பை வைத்துப் பார்த்துவிட்டு, “இதுக்குச் செலவு பண்ணாதீங்க சார். பாடியும் பழசாச்சு, மொத்தமா மாத்திருங்களேன்” என்றார். அந்த ‘மொத்தமா’ ஒரு வாரம் மனதைவிட்டுப் போகவில்லை.

என்னுடையது சோனி ஏ6000. 2014-இல் வந்த மாடல். 24 மெகாபிக்சல், பேட்டரியோடு சேர்த்து 344 கிராம்தான். கட்டைவிரல் படுகிற இடத்தில் ரப்பர் வழுவழுவென்று ஆகிவிட்டது. அதற்குப் பதிலாக என் கண்ணில் பட்டது 2023-இல் வந்த ஏ6700. அது 26 மெகாபிக்சல். படத்தின் அகலத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால் 6000 பிக்சல் 6192 ஆகிறது, அவ்வளவுதான். மெகாபிக்சலுக்காகப் பாடியை மாற்றுவது வீண் செலவு என்றே சொல்வேன். உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கை நடுக்கத்தைப் பாடிக்குள்ளேயே சமாளிக்கும் அமைப்பு, பெரிய பேட்டரி, பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் ஃபோகஸ்.

நண்பர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தன் ஏ6700-ஐத் தந்தார். 2010-இல் வந்த அதே இ-மவுண்ட் இன்றும் தொடர்வதால் என் பழைய 55-210 லென்ஸ் அதில் அப்படியே உட்கார்ந்தது. பாளையங்கோட்டையிலிருந்து கூந்தன்குளத்துக்குக் கிளம்பினேன். அங்கே ஊருக்குள் இருக்கிற மரங்களிலேயே மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டும். கீழே ஆள் நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும், அவை பொருட்படுத்துவதில்லை. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்க்கிற ஊர் அது.

நாரை ஒன்று குளத்துப் பக்கமிருந்து வந்து இறங்கியபோது, கேமராத் திரையில் ஒரு சின்னச் சட்டம் அதன் கண்ணைக் கவ்வியது. தலையைத் திருப்பினாலும் விடவில்லை. என் கேமராவில் பத்துக்கு இரண்டு மூன்று தேறும் இடத்தில் ஏழெட்டு கூர்மையாக வந்தன. வாங்கிவிட வேண்டியதுதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, இரண்டு பாடியிலும் எடுத்த உட்கார்ந்த நாரையின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினேன். அதே லென்ஸ், அதே 210. வால்பக்கத்து இளஞ்சிவப்பு இறகுகள் இரண்டிலும் ஈரம் பட்ட மை மாதிரி ஒன்றோடொன்று கலந்திருந்தன. புதுப் பாடியால் அதைத் திருத்த முடியவில்லை.

அப்புறம் பழைய படங்களை எல்லாம் திறந்தேன். பிரிண்ட் போட்டு வைத்தவற்றில் பறக்கிற பறவை அநேகமாக இல்லை. எல்லாம் கூடுதான். குஞ்சுக்கு மீனைக் கக்கிப் போடும் தாய், உச்சி வெயிலில் இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்து நிற்கும் நாரை. நான் பார்த்துக்கொண்டே நிற்க ஆசைப்படுவது அதைத்தான். அந்த நாரை நகராமல் நெடுநேரம் நிற்கும், கேமரா துரத்த வேண்டியதே இல்லை. ஆனால் அந்தப் படங்களில் முக்கால்வாசி 210-இல் எடுத்து, பிறகு பாதியாக வெட்டியவை.

அதனால் பாடி அப்படியே இருக்கட்டும் என்று 70-350 லென்ஸை இரண்டாம் கையாக வாங்கினேன். 625 கிராம், பழையதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சின்னப் பாடியில் முன்பக்கம் தாழ்கிறது, இடது உள்ளங்கையில் லென்ஸைத் தாங்கித்தான் பிடிக்க வேண்டும். கை நடுக்கத்தை லென்ஸே பார்த்துக்கொள்கிறது. ஆனால் அதன் கடைக்கோடியிலும் பழைய லென்ஸைப்போலவே எஃப்/6.3 தான், விடியற்காலை இருட்டுக்கு இது பதிலாகாது. பறக்கிற பறவைக்காகவோ, மைதானத்தில் ஓடுகிற பிள்ளைக்காகவோ ஒருவர் கேட்டால், தயங்காமல் பாடியை மாற்றச் சொல்வேன்.

லென்ஸ்கள் இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கின்றன. உள்ளே ஒரு குட்டி ஈரப்பதமானியும் சிலிக்கா ஜெல்லும். முள் 50-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். நீல மணிகள் வெளிர் சிவப்பானதும் சூடாக்கி, திரும்ப நீலமானபின் உள்ளே வைக்கிறேன்.

போன வாரம் நண்பகலில் அதே மரத்தடியில் நின்றேன். நாரை வெயிலுக்கு முதுகு காட்டி இறக்கையை விரித்திருந்தது. இளஞ்சிவப்பு இறகின் இழைகள் தனித்தனியாகத் தெரிந்தன. நிழலுக்குள் மூன்று குஞ்சுகள். ஒன்று மட்டும் தலையைத் தூக்கி, அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.