நாள் முத்திரை

இருபது ஆண்டுகளுக்கு முன்னர், சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் அலைப்புண்டு போர்ட் பிளேயர் வந்து இறங்கிய எமக்கு, அலுவலகத்திலே முதன்முதல் அளிக்கப்பெற்ற கருவி ஒரு நாள் முத்திரை. (2024 இல் இந்நகர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று, எம் நாவுக்கு இன்னும் பழகவில்லை.) வரும் கடிதம் ஒவ்வொன்றின் தலையிலும் அதனைக் குத்துவதே எம் பணி. ஒரு நாள் பிந்திய விண்ணப்பத்தின் கதி யாதென எம்மினும் நன்கறிந்தார் இத்தீவில் சிலரே. அத்தகைய யாமே எம் வீட்டுப் பிள்ளையின் காரியத்தில் நாளின் அருமையை மறந்து நின்றோம்.

எம் தமக்கை மகன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். கடலுயிரியல் கற்று, பெருநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு மாணவனாய்ச் சேர்ந்தான். ஜங்லிகாட் துறையில் டிங்கிகளைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய கொட்டலசுகளை மீனவர் சுரண்டும் காட்சி அவன் சிறுவயது முதல் கண்டது. கடற்பாசிச் சாற்றைக் கொண்டு அவை எளிதில் ஒட்டாவண்ணம் ஒரு பூச்சினை அவன் ஆக்கினான். அதன் செய்முறை முழுவதும் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்த அன்று, யாம் அலுவலகமெங்கும் இனிப்பு வழங்கினோம். அந்த இனிப்பை நினைத்தால் இன்றும் நா கசக்கிறது.

பதினான்கு மாதங்கள் கழித்து, வண்ணப்பூச்சு செய்யும் சிறுதொழிலதிபர் ஒருவர் அவனைத் தேடி வந்தார். "காப்புரிமை உண்டா?" என்பதே அவர் கேட்ட முதற்கேள்வி. பிள்ளை பல்கலைக்கழக அலுவலகத்துக்கு ஓடினான். உலகறிய அச்சேறிவிட்ட பொருள் புதுமை இழந்தது. இனி விண்ணப்பித்துப் பயனில்லை என்றனர். அறிஞர் கழகங்களில் படிக்கப்பெறும் கட்டுரைகட்குச் சட்டம் தரும் பன்னிரண்டு மாதச் சலுகை மிகக் குறுகியது. அதுவும் அவனுக்கு உதவவில்லை. தனியுரிமை இல்லாத பொருளில் முதலிட மனமின்றித் தொழிலதிபர் சென்றுவிட்டார். ஐந்தாண்டு உழைப்பில் இவனுக்கு எஞ்சியவை பட்டமும் கட்டுரையும்தாம். "முன்னரே எவரேனும் சொல்லியிருக்கலாமே, மாமா" என்றான். அவனுக்கு மறுமொழி கூற எம்மால் இயலவில்லை.

அதன் பின்னரே யாம் சட்டநூலைப் புரட்டலாயினோம். நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 1970 ஆம் ஆண்டினது. உரிமையின் ஆயுள் இருபது ஆண்டுகள். ஆய்வு முற்றும் முடியும்வரை காத்திருத்தல் வேண்டா. தற்காலிக விவரணம் ஒன்றைத் தாக்கல் செய்து நாளைப் பிடித்துக்கொண்டால், முழு விவரணம் தரப் பன்னிரண்டு மாதம் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகு கட்டுரை வெளியாவதில் தடையில்லை. எமது நாள் முத்திரைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 விழுக்காடு 2021 இல் குறைக்கப்பெற்றது. இங்கு வாழ்வோர் தம் பெயரில் விண்ணப்பித்தால் அது கொல்கத்தா அலுவலகத்தைச் சாரும். கிண்டியிலுள்ள அலுவலகமோ தென்மாநிலங்கள், புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகியவற்றுக்கு உரியது. உயர்நீதிமன்றத்திற்கும் நமக்குக் கொல்கத்தாவே அன்றோ!

தீவுப் பிள்ளைகள் அறியவேண்டியது இன்னுமொன்று. பாசியாயினும் மூலிகையாயினும் இந்நாட்டு உயிர்ப்பொருளைக் கொண்டு செய்த கண்டுபிடிப்பெனில், 2002 ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தையும் நாடவேண்டும். பழங்குடியினர் வழிவழி அறிந்த மருந்தைத் தமதென்று எழுதிக் காப்புரிமை பெறவும் இயலாது; அது நியாயமே. கேரளத்துக் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து 'ஜீவனி' மருந்தை உருவாக்கிய திருவனந்தபுரம் ஆய்வுப் பூங்கா, அதனை 1995 இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய நிறுவனத்துக்கு உரிமமளித்து, கிடைத்த தொகையில் பாதியை அம்மக்களுக்கு ஒதுக்கியது.

கண்டுபிடிப்பின் உடைமை யாருக்கு? அமெரிக்காவில் 1980 ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணத்தில் விளைந்ததைப் பல்கலைக்கழகங்கள் தம் உடைமையாக்கிக்கொள்ள வழிவகுத்தது. அதனை ஒட்டி 2008 இல் நம் நாடாளுமன்றத்தில் வந்த மசோதா சட்டமாகவில்லை. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென விதி வைத்திருக்கிறது. சேரும் நாளிலேயே அவ்விதியைக் கேட்டுப் படித்தல் நன்று. உடைமை நிறுவனத்துக்கே போயினும், கண்டுபிடித்தவர் என்னும் பெயர் மாணவனுக்கு உரியது. பேராசிரியரிடம் இதைக் கேட்க நம் பிள்ளைகள் கூசுகின்றனர். பெற்றோராகிய நாமும் 'அடக்கமாயிரு' என்றே சொல்லி அனுப்புகின்றோம்.

வாய்ப்புகள் இல்லாமலில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வுச்சூழலில் தோன்றி, 2015 முதல் நடைபெறும் பிளானிஸ் நிறுவனம், நீருக்கடியில் சென்று துறைமுகச் சுவர்களையும் அணைகளையும் ஆராயும் பொறிகளைச் செய்கின்றது. நம் தீவிலும் 1978 முதல் மத்திய வேளாண் ஆய்வு நிலையம் இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் கடலாய்வுத் துறையும் இயங்குகிறது. துறைமுகங்களும் டிங்கிகளும் நிறைந்த ஊரில் ஆராயப் பொருளுக்கா பஞ்சம்?

பிள்ளை இப்போது இங்கேயே மற்றொரு பூச்சினை ஆராய்கின்றான். பக்க எண் அச்சிட்ட தடித்த குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறான். சென்ற ஞாயிறன்று மாலை அதனை எம்முன் விரித்து, "மாமா, படித்துப் பார்த்துச் சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள், வெளியே யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றான். யாம் இருமுறை படித்தோம். பாதிதான் புரிந்தது, அதையும் அவனிடமே கேட்டுத் தெளிந்துகொண்டோம். பின்னர் அலுவலக வழக்கப்படி கையொப்பமிட்டு, அதன் கீழே நாளும் நேரமும் குறித்தோம்.