கெம்புன்னு பேர் வச்ச டூர்மலின்

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன். நான் கல் வியாபாரி இல்லை. ராசிக்கல் ஜோசியமும் தெரியாது. "எனக்கு மகர ராசி, எந்தக் கல்லு போடலாம்?"னு பின்னூட்டத்துல கேட்டீங்கன்னா அம்மிக்கல்லுன்னு பதில் வரும் :-)

எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒரு லென்ஸ், ரெண்டு மூணு சின்னக் கருவி, பத்து வருஷமா பிடிச்சு ஆட்டுற கல் பைத்தியம், அவ்வளவுதான். அந்தப் பைத்தியத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச கல் பிங்க் டூர்மலின். வைரம், மாணிக்கம்னா எல்லாருக்கும் தெரியும். இது பாவம், பேர் தெரியாத கல். நவரத்தினத்துல இடம் கிடையாது. அமெரிக்க நகை வியாபாரிகள் 1952-ல மாசத்துக்கு ஒரு கல்லுங்கிற பட்டியலைத் திருத்தினப்போ அக்டோபருக்கு ஓபலோட கூடவே சேர்த்துக்கிட்டாங்க. மத்தபடி பல காலம் இது இன்னொருத்தர் பேர்லதான் வாழ்ந்திருக்கு. யார் பேர்ல? மாணிக்கம் பேர்ல, அதாவது நம்ம கெம்பு.

இதுல ராஜாக்களே விதிவிலக்கு இல்லை. 1777-ல சுவீடன் அரசர் மூன்றாம் குஸ்தாவ், ரஷ்யாவோட மகாராணி கேத்தரினுக்கு ஒரு பரிசு கொடுத்தார். 250 காரட்டுக்கு மேல எடை, திராட்சைக் கொத்து மாதிரி செதுக்கின செவப்புக் கல். பேர் 'சீசரின் மாணிக்கம்'. 20ஆம் நூற்றாண்டுல ரஷ்ய விஞ்ஞானிகள் சோதிச்சுப் பார்த்தா, டூர்மலின்! இப்பவும் மாஸ்கோ கிரெம்ளின்ல வைர நிதியம்ங்கிற காட்சிக்கூடத்துல இருக்கு, அதே மாணிக்கப் பேரோட. சிரிக்காதீங்க. செவப்பா பளபளன்னு இருந்தா மாணிக்கம்னு சொல்றதுதான் அந்தக் காலத்து வழக்கம். பிரிட்டிஷ் மகுடத்துல இருக்கிற 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' கூட ஸ்பினல்ங்கிற வேற கல்தான்.

டூர்மலின்ங்கிற பேருக்கு ஊர் எதுன்னு நினைக்கிறீங்க? நம்ம பக்கத்து வீடு, இலங்கை. 'தோரமல்லி'ன்னு சிங்களத்துல கலர் கலரா கிடைக்கிற கல்லுங்களைப் பொதுவா சொல்ற வார்த்தை. 1700-களோட தொடக்கத்துல டச்சுக்காரங்க அங்கிருந்து கல்லைக் கொண்டுபோனப்போ பேரும் கூடவே கப்பலேறிடுச்சு. டச்சுக்காரங்க இதுக்கு இன்னொரு பேரும் வச்சாங்க: சாம்பல் இழுப்பான். சூடு பண்ணினா இந்தக் கல்லுல மின்னேற்றம் வந்து சாம்பல், தூசையெல்லாம் இழுத்துக்கும். புகைக்குழாயில இருந்து சாம்பலை எடுக்க இதை வச்சிருந்தாங்களாம். இன்னிக்கும் கடைக் கண்ணாடிப் பெட்டியில விளக்கு வெளிச்சம் சூடா விழற இடத்துல வச்சா, மத்த கல்லைவிட இதுமேல சீக்கிரம் தூசி படியும்னு சொல்வாங்க.

சரி, பிங்க் எங்கிருந்து வருது? மாங்கனீஸ். கல்லு பூமிக்குள்ள உருவாகறப்போ அதுல கொஞ்சம் மாங்கனீஸ் சேருது. ஆனா சேர்ந்தவுடனே பளிச்சுன்னு நிறம் வந்துடாது. சுத்தியிருக்கிற பாறையில பொட்டாசியம் மாதிரி லேசா கதிர்வீசற சமாச்சாரங்கள் இருக்கும். லட்சக்கணக்கான வருஷம் அந்தக் கதிர் பட்டுப் பட்டுத்தான் மாங்கனீஸ் தன்னோட மின்னணுவில ஒண்ணை இழந்து பிங்க் நிறம் காட்டும். அதே கல்லை சில நூறு டிகிரி சூடு பண்ணினா நிறம் வெளுத்துடும். இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

வகைன்னு பார்த்தா வெளிர் ரோஜா, அடர் ரோஜா, ஊதா கலந்த ரோஜா, கடைசியா செவப்பு. இந்த செவப்புக்குத்தான் ரூபெல்லைட்னு பேர், விலையும் ஏறும். எங்க பிங்க் முடியுது, எங்க ரூபெல்லைட் ஆரம்பிக்குது? அங்கதான் வியாபாரம் இருக்கு. எல்லாரும் ஒத்துக்கிட்ட கோடுன்னு ஒண்ணு கிடையாது. பழைய வியாபாரிகள் சொல்ற வழி ஒண்ணு இருக்கு. பகல் வெளிச்சத்துலயும் பாருங்க, மஞ்சள் குண்டு பல்பு வெளிச்சத்துலயும் பாருங்க. ரெண்டுலயும் அதே செவப்பு நின்னா ரூபெல்லைட். மஞ்சள் வெளிச்சத்துல பழுப்படிச்சுப் போச்சுன்னா அது அடர் பிங்க், அவ்வளவுதான். எனக்கு இந்த வழி பிடிக்கும், ஏன்னா பேரைக் கேட்டு வாங்காம கண்ணால பார்த்து வாங்க வைக்குது. ஊதா லேசா கலந்திருந்தா தப்பில்லை. பழுப்பு கலந்தா விலை இறங்கும்.

அப்புறம் நம்ம தர்பூசணி! நடுவுல பிங்க், சுத்தி பச்சை, இடையில வெள்ளைக் கோடு. குறுக்கே வெட்டினா அப்படியே பழக்கடைத் துண்டு. கல் வளர்றப்போ முதல்ல மாங்கனீஸ், அது தீர்ந்தப்புறம் இரும்புன்னு சுத்தியிருந்த கரைசல் மாறினதால வர்ற வித்தை. நீளவாக்குல பாதி பிங்க் பாதி பச்சையாவும் வரும். கலிபோர்னியா பாலாவுல 1972-ல கிடைச்ச கற்கள் இன்னும் விசேஷம், பிங்க் தண்டுக்கு நீலத் தொப்பி. அதுல ஒரு பெரிய கொத்து வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருக்கு. என்னிக்காவது நேர்ல பார்க்கணும்.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன்.

எங்க அத்தைகிட்ட ஒரு மோதிரம் உண்டு. அவங்க மாமனார் ரங்கூன்ல கணக்குப்பிள்ளையா இருந்தவர். 1942-ல குண்டு விழுந்தப்போ நடந்தே ஊர் வந்து சேர்ந்த கூட்டத்துல அவரும் ஒருத்தர். இடுப்பு முடிச்சுல கொண்டுவந்த ஒரே சொத்து இந்த மோதிரம். 'பர்மா கெம்பு'ன்னுதான் மூணு தலைமுறையா வீட்டுல பேச்சு. அத்தைக்கு ரெண்டு பொண்ணுங்க. பெரியவளுக்கு அட்டிகை, சின்னவளுக்கு மோதிரம்னு எப்பவோ முடிவு பண்ணி வச்சிருந்தாங்க. பர்மா கெம்பாச்சே, அட்டிகைக்குச் சமமா நிக்கும்னு கணக்கு.

போன தீபாவளிக்குப் போனப்போ, "நீதான் கல்லு கல்லுன்னு அலையறியே, இதைக் கொஞ்சம் பாரேன்டா"ன்னு கையில கழட்டிக் குடுத்தாங்க. நல்லவேளையா அடி திறந்த கட்டு. அடியில தகடு வச்சு மூடின கட்டா இருந்தா பாதி வேலை ஓடாது.

முதல்ல கள்ளநோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச். பர்மா மாணிக்கம்னா அந்த வெளிச்சத்துல அடுப்புக்கரி கணக்கா செவப்பா கனலும். இது செத்த மாதிரி இருந்துது. எனக்கு வயித்துல புளி கரைச்சுது. அடுத்து லென்ஸ். மேல் பட்டை வழியா பார்த்து, அடிப்பட்டைகளோட விளிம்பைக் கவனிச்சேன். கொஞ்சம் சாய்ச்சா ஒவ்வொரு கோடும் ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது. டூர்மலின் ஒளியை ரெண்டாப் பிரிக்கிற அளவு மாணிக்கத்தைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. உள்ள நூல் நூலா, தலைமுடி கசங்கின மாதிரி நீர்க்கோடுகள். கடைசியா ஒளிவிலகல் மானி: 1.62-லயும் 1.64-லயும் ரெண்டு நிழல். மாணிக்கம்னா 1.76-க்குப் பக்கத்துல வந்திருக்கணும். பிங்க் புஷ்பராகம் கூட 1.62, 1.63 பக்கம் வரும்தான், ஆனா ரெண்டு நிழலுக்கும் நடுவுல இவ்வளவு இடைவெளி விடாது.

சொல்றதா வேண்டாமான்னு அன்னிக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்லை. எண்பது வருஷப் பேச்சு. ஆனா சொல்லாம விட்டா சின்னவளுக்குக் கணக்குல இடிக்கும். காலையில காபி குடிக்கறப்போ சொல்லிட்டேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அப்போ அவர் ஏமாந்துட்டாரா?"ன்னாங்க.

"ஏமாறலை அத்தை. பர்மாவுல மாணிக்கம் கிடைக்கிற மோகோக் பக்கத்துலயே இந்தக் கல்லும் கிடைக்குது. இதுவும் நெசக் கல்லுதான்."

"கண்ணாடியில்லையே?"

"சத்தியமா இல்லை."

இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லலை. செயற்கை மாணிக்கம் 1900-களோட தொடக்கத்துலயே பிரான்ஸ்ல வந்தாச்சு. அதுக்கப்புறம் நம்மூர்ல கெம்புன்னு கட்டின நகைகள்ல செயற்கைக் கல்லும் வெறும் கண்ணாடியும் எக்கச்சக்கம். புற ஊதா டார்ச்சுல பளீர்னு செவந்தா சந்தோஷப்பட்டுடாதீங்க, செயற்கை மாணிக்கமும் அப்படித்தான் செவக்கும். டூர்மலினை மட்டும் நகைக்காக யாரும் ஆலையில தயாரிச்சு விக்கறதில்லை. 'செயற்கை டூர்மலின்'னு யாராவது வித்தா அது நிறமேத்தின வேற கல்லு இல்லைன்னா கண்ணாடி. அதனால சோதனையில டூர்மலின்னு வந்துட்டாலே மண்ணுல விளைஞ்ச கல்தான்.

அத்தைக்கு இன்னும் ஒரு சந்தேகம். "பேர் தெரியாத கல்லை யார்டா மதிப்பா?" சீனாவோட ராஜமாதா ட்சு ஷி கதையைச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு பிங்க் டூர்மலின்னா உயிர். கலிபோர்னியா சான் டியாகோ பக்கம் மெசா கிராண்டேங்கிற ஊர்ல ஹிமாலயான்னு ஒரு சுரங்கம் (ஆமாங்க, பேர் அதுதான்). அங்க வெட்டின பிங்க் கல் டன் கணக்குல சீனாவுக்குக் கப்பலேறுச்சு. செதுக்கறதுக்கு, பொத்தானுக்கு, மூக்குப்பொடி புட்டிக்கு. அவங்க 1908-ல இறந்தாங்க. 1912-ல சிங் அரசும் போச்சு. வாங்க ஆளில்லாம கலிபோர்னியா சந்தையும் படுத்துடுச்சு. "ஒரு கெழவி செத்ததுக்கு ஊரே கடைய மூடிச்சாக்கும்"னு அத்தை சிரிச்சுட்டாங்க.

மோதிரத்தை ஒரு பரிசோதனைக் கூடத்துக்கும் அனுப்பினோம். என் பேச்சை மட்டும் நம்பி சொத்து பிரிக்கக் கூடாதில்ல? இயற்கை டூர்மலின்னு எழுதிக் கொடுத்தாங்க. அத்தை ரெண்டு பொண்ணுங்களையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, சின்னவ பங்குல ரெண்டு வளையல் சேர்த்தாங்க. பெரியவ முகம் கொஞ்சம் சுருங்கினது என்னவோ நிஜம்தான். ஆனா வாய் திறந்து ஒண்ணும் சொல்லலை.

இனிமே நீங்க வாங்கறதா இருந்தா சில விஷயம்.

பிங்க், செவப்பு டூர்மலின்ல உள்ள கோடு, விரிசல் இருக்கிறது சகஜம். அமெரிக்காவுல இருக்கிற ஜிஐஏ, உள்குறையை வச்சு கற்களை மூணு ரகமா பிரிக்குது. அதுல இது மரகதத்தோட சேர்ந்து மூணாவது ரகம், அதாவது குறையில்லாம கிடைக்கறதே அபூர்வம். அதனால வைரத்துக்கு எதிர்பார்க்கிற சுத்தத்தை இதுகிட்ட எதிர்பார்க்காதீங்க. கண்ணுக்கு உறுத்தாம இருந்தா போதும். ஆனா விரிசல் மேல்பரப்பு வரைக்கும் வந்திருக்கான்னு லென்ஸ் வச்சுப் பாருங்க. அப்படி வந்த விரிசல்ல எண்ணெயோ பிசினோ ஏத்தி மறைக்கிற வழக்கம் உண்டு, ரூபெல்லைட்ல ரொம்பவே. செவப்பு ஆழமா, உள்ள துளி குறை இல்லாம, விலையும் மலிவா ஒரு பெரிய கல் வந்தா, முதல் கேள்வி அதுவா இருக்கட்டும்.

ரெண்டாவது, கதிரூட்டல். மேல சொன்னேனே, பூமி லட்சக்கணக்கான வருஷம் பண்றதை கூடத்துல சில நாள்ல பண்ணிடலாம். வெளிர் கல்லை காமா கதிர்ல வச்சு எடுத்தா அடர் பிங்க். இயற்கையும் அதையே பண்றதால, எது பூமி பண்ணினது, எது மனுஷன் பண்ணினதுன்னு சோதனைக் கூடமே பெரும்பாலும் பிரிச்சுச் சொல்ல முடியாது. அதனால "கதிரூட்டாத கல், கேரண்டி"ன்னு யாராவது கூடுதல் விலை சொன்னா, அந்தக் கேரண்டிக்கு என்ன ஆதாரம்னு கேளுங்க. என்னைக் கேட்டா, அந்த வார்த்தைக்குத் தனியா ஒரு பைசா கொடுக்க மாட்டேன். நிறம் பிடிச்சிருந்தா நிறத்துக்கு உண்டான விலை, அவ்வளவுதான்.

பட்டை தீட்டினதையும் கவனிங்க. இந்தக் கல்லுல நீளவாக்குல ஒரு நிறம், குறுக்கே இன்னொரு நிறம், ஒண்ணு அடர்த்தி ஒண்ணு வெளிர். வெளிர் கல்லா இருந்தா அடர்த்தியான பக்கம் மேல வர்ற மாதிரி வெட்டினாத்தான் அழகு. எடையை மட்டும் பார்த்து வெட்டின கல்லுல நடுவுல ஜன்னல் திறந்த மாதிரி ஓட்டை தெரியும், நீரோட்டம் இருக்காது. கையில வச்சு ஆட்டிப் பாருங்க, தெரிஞ்சிடும். ஊர் பேரைச் சொல்லியும் விலை ஏத்துவாங்க, பிரேசில், நைஜீரியா, மொசாம்பிக், ஆப்கானிஸ்தான்னு. எல்லா ஊர்லயும் நல்லதும் இருக்கு, கழிசடையும் இருக்கு.

கடினத்தன்மை 7-லிருந்து 7.5. மாணிக்கம் 9. ஊர்த் தூசியில இருக்கிற மணல் துகளே 7 இருக்கும். அதனால தினமும் மோதிரமா போட்டா வருஷக்கணக்குல பட்டை விளிம்பு மழுங்கும். தோடு, பதக்கம் உத்தமம். நகைக்கடையில நீராவியிலயும் அதிர்வுத் தொட்டியிலயும் போட்டுக் கழுவறேன்னு சொன்னா வேண்டாம்னுடுங்க. பொற்கொல்லர்கிட்ட ரிப்பேருக்குக் கொடுத்தா, பத்தவைக்கிறதுக்கு முன்னாடி கல்லைக் கழட்டச் சொல்லுங்க. வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் சோப்பு, பழைய மெத்து பிரஷ். சின்னவகிட்ட இதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கேன். அவ மோதிரத்தைப் பதக்கமா மாத்தலாமான்னு யோசிச்சிட்டு இருக்கா. அத்தை மட்டும் இன்னும் 'கெம்பு'ன்னுதான் சொல்றாங்க.