நாலாம் வசனம்

எங்க வீட்டுல வேதம் வாசிக்க ஒரு கணக்கு உண்டு. வார நாள்ல மூணு அதிகாரம், ஞாயித்துக்கிழமை அஞ்சு. மொத்தம் 1189 அதிகாரம். இப்படியே போனா ஜனவரி 1-ல ஆதியாகமம் தொடங்கி டிசம்பர் கடைசியில வெளிப்படுத்தல் முடிஞ்சிரும். அம்மா கல்யாணமாகி வந்ததுல இருந்து இதுதான் வழக்கம். கண்ணுல புரை வந்த பிறகு நான் வாசிக்கிறேன், அவங்க கேட்பாங்க.

சுவாரசியமா இருக்கும்னு நினைச்சுராதீங்க. லேவியராகமத்துல பலி, தீட்டு, குஷ்டம்னு பக்கம் பக்கமா போகும். மாட்டுக்குத் தவிடு வைக்கணுமேன்னு மனசு ஓடும். புத்தாண்டு ஆராதனையில எடுக்கிற வாக்குத்தத்த அட்டை, வாட்ஸ்அப்ல வர்ற பூப்போட்ட வசனம் எல்லாம் இதைவிட இனிப்புதான். வரிசையா வாசிக்கிறவனுக்கு இனிப்பைப் பொறுக்கி எடுக்கிற வசதி கிடையாது.

2023 டிசம்பர் 17, ஞாயிறு. கணக்குப்படி அன்னைக்கு யாக்கோபு 5-ம் அதிகாரம், பிறகு 1 பேதுருவில நாலு. அன்னைக்குத் தொடங்கி மறுநாள் காலைக்குள்ள காயல்பட்டினத்துல 95 செ.மீ மழை. எங்க ஊரு ஸ்ரீவைகுண்டம் பக்கம். திருச்செந்தூர் ரயில் வெள்ளத்துல மாட்டி நின்னுச்சே, அந்த வட்டாரம். கரண்ட் போயி வாசிப்பு பாதியில நின்னுட்டு. மறுநாள் தாமிரபரணி தோட்டத்துக்குள்ள. தார் தள்ளின வாழை எண்ணூறு, ஒண்ணு நிக்கல.

வெள்ளம் வடிஞ்சு சிக்னல் வந்ததும் சென்னையில, பெங்களூருல இருக்கிற சொந்தக்காரங்க அனுப்பினதெல்லாம் யாக்கோபு 5:7. மழைக்காகப் பொறுமையா காத்திருக்கிற விவசாயியைப் பத்தின வசனம். நல்ல மனசோட அனுப்பினாங்க, ஆறுதலாவும் இருந்துச்சு.

அன்னைக்கு சாயங்காலம் அம்மா விட்ட அதிகாரத்தை வாசிக்கச் சொன்னாங்க. முதல்ல இருந்தே தொடங்கினேன். ஏழாம் வசனத்துக்கு முன்னாடி நாலாம் வசனம் இருக்கு. வயல் அறுத்தவங்களுக்குக் கொடுக்காம பிடிச்சு வச்ச கூலி கூப்பாடு போடுதுன்னு நிலக்காரங்களைப் பாத்துச் சொல்றது. அதை எனக்கு யாரும் அனுப்பல. எல்லாம் போயி உக்காந்திருக்கிறவன்கிட்ட அதை எப்படி அனுப்புவாங்க?

மழைக்கு முந்தின ரெண்டு நாள் வாழைக்கு முட்டுக் கொடுத்த ஆறு பேருக்குக் கூலி பாக்கி. தார் வெட்டினதும் தர்றதா பேச்சு. வீட்டுல இருந்த பணம் புதுக் கன்னு வாங்கவே பத்தாது. "மரமே போயிட்டு, அவங்களும் பாத்துட்டுத்தான இருக்காங்க. நிவாரணம் வந்ததும் கொடுக்கலாம்"னு மச்சான் சொன்னாரு. ஊருல பல பேரு அப்படித்தான் பேசினாங்க. ஒதுக்கித் தள்ளுற பேச்சும் இல்ல.

அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "எய்யா, அவுக வீட்டுக்குள்ளயும் தண்ணி வந்துச்சுல்லா?"

பீரோவுல இருந்ததை எடுத்துட்டு அன்னைக்கு ராத்திரியே ஆறு வீட்டுக்கும் போனேன். ரெண்டு வீட்டுல சுவரே இல்ல. ஒரு அக்கா பணத்தைக் கையில வச்சுக்கிட்டு, "உங்களுக்கு வேணாமா தம்பி?"ன்னு கேட்டாங்க. வேணும்தான். கன்னுக்குக் கடன் வாங்கினேன், அது இன்னும் முழுசா அடையல.

அந்த வருஷம் வெளிப்படுத்தல் முடிய ஜனவரி பிறந்துட்டு. ஆதியாகமம் ஒரு வாரம் தள்ளிப் போச்சு. அம்மா விடல, ஞாயித்துக்கிழமை ஏழேழு அதிகாரமா வாசிக்க வச்சு கணக்கை நேர் பண்ணிட்டாங்க.