நல்ல தண்ணி வரும் வழி

எஸ்பிரெசோ மெஷினில் தண்ணீர்த் தொட்டி என்பது பின்னால் வந்து சேர்ந்த சங்கதி. 1961-இல் ஃபேமா நிறுவனத்தின் எர்னஸ்டோ வாலென்டே இ61 மெஷினைக் கொண்டுவந்தபோது, கடையின் குழாயிலிருந்தே அது தண்ணீர் வாங்கிக்கொண்டது. மோட்டார் பம்ப் அந்தக் குளிர்ந்த நீரை 9 பார் அழுத்தத்துக்கு ஏற்றும். பாய்லருக்குள் ஓடும் ஒரு குழாய் வழியே போகிற போக்கில் அது சூடாகி, நேரே காபித்தூள் மேல் இறங்கும். அதுவரை ஸ்பிரிங் வைத்த நெம்புகோலைக் கையால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று இத்தாலியில் முழுச் சூரிய கிரகணம். அதன் நினைவாகத்தான் அந்தப் பெயர். காபி இறங்கும் அதே பித்தளைத் தலைதான் இன்று என் சமையலறை மேடையில் இருக்கும் மெஷினின் முகப்பிலும். மெஷினை வாங்கும்போதே அடியில் ஒரு சின்னத் திருகு இருப்பதைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஒரு பக்கம் திருப்பினால் தொட்டி, மறுபக்கம் திருப்பினால் குழாய்.

"மூணு நூல்க்கா இது. நம்ம ஆங்கிள் காக் நாலு நூலு, நேரா மாட்டாது," என்றார் பிளம்பர், மெஷினோடு வந்த ஹோஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு. பித்தளை ரெடியூசர் ஒன்று, நாலு சுற்று டெஃப்லான் டேப், தனியாக மூடித் திறக்க ஒரு பால் வால்வு. கசிவுத் தட்டுக்குக் கீழே ஒரு டியூப் போட்டு சிங்க் கழிவில் விட்டாயிற்று. இதெல்லாம் ஒரு மதியத்து வேலை.

தண்ணீர்தான் வேலை வைத்தது. ஐரோப்பாவில் குழாய் அழுத்தம் அதிகம். அங்கே குறைக்க ஒரு வால்வு போடுவார்கள். சென்னை அடுக்ககத்தில் கதை தலைகீழ். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்பது கணக்கு. நாங்கள் இருப்பது மேல்தளம். மொட்டைமாடித் தொட்டிக்கும் என் குழாய்க்கும் இடையே ஓராள் உயரம் இரண்டு வைத்தால் முடிந்தது; அரை பார்கூடத் தேறாது. நீண்ட குழாய், நடுவில் ஃபில்டர் என்று தடைகளைத் தாண்டி ரோட்டரி பம்பை உறிஞ்சவிட்டால் அது ஊளையிடும், உள்ளே தேயும்.

அழுத்தத்தை உண்டாக்கிவிடலாம். வருவது என்ன தண்ணீர்?

கோவையில் அம்மிச்சி வீட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு குழாய். நல்ல தண்ணி சிறுவாணி. அது வரும் நாளில் தெருவே விழித்திருக்கும். பித்தளைக் குடங்களில் பிடித்து, வெள்ளைத் துணி கட்டி மூடி, சமையலறையின் இருட்டு மூலையில் வைப்பாள். காபிக்கென்று தனிச் சொம்பு. "இதக் கை கழுவ எடுத்தீன்னா பாத்துக்கோ கண்ணு" என்று எங்களை மிரட்டுவாள். குளிக்கிற வெந்நீர் அண்டாவுக்குப் போவது உப்புத் தண்ணி. அண்டாவின் உட்புறம் வெள்ளையாகப் படை படையாக ஏறியிருக்கும். புளியைக் கரைத்து ஊற்றி ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்ப்பாள். கரைந்துள்ள பைகார்பனேட் சூடேறியதும் கார்பனேட்டாகிக் கல்லாய்ப் படிகிறது, புளியின் அமிலம் அதைக் கரைக்கிறது என்பதெல்லாம் நான் பள்ளியில் படித்தது. அவள் பள்ளிக்கே போகவில்லை. அண்டாவுக்குள் கை விட்டுத் தேய்க்க முடிந்தது. எஸ்பிரெசோ பாய்லருக்குள் கை போகாது. மிகச் சின்னத் துளைகள் வழியே நீர் ஓடும் பொருள் அது. அதற்குள் போகும் முன்பே தண்ணீரைச் சரிசெய்தாக வேண்டும்.

சென்னையில் அந்த இரண்டு குழாய்ப் பிரிவு பெரும்பாலும் இல்லை. எல்லாம் சம்ப்பில் கலக்கிறது. மெட்ரோ வாட்டர், போர் தண்ணி, கோடையில் லாரித் தண்ணி. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த மாதங்களில் எங்கள் சம்ப்பின் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்பின் அளவு) ஒவ்வொரு லாரிக்கும் ஒவ்வொன்றாக இருந்தது. வரிசையில் குடத்தோடு நின்றவர்கள் நடுவில் நின்றுகொண்டு காபி மெஷினைப் பற்றி யோசிக்கவே மனம் கூசியது. அப்போது தொட்டிதான், கேன் தண்ணீர்தான்.

குழாய்க்கு மாறியபோது நான் ஆர்.ஓ.வைத் தேர்ந்ததற்குக் காரணம் குளோரைடு. மென்னீராக்கும் ரெசின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், குளோரைடை விட்டுவிடும். எவர்சில்வர் பாய்லரை ஓசையில்லாமல் அரிப்பது அதுதான். சிங்க்குக்கு அடியில் ஆர்.ஓ., பக்கத்தில் காற்றுப்பை வைத்த அழுத்தத் தொட்டி. அழுத்தக் கவலையும் அதோடு தீர்ந்தது.

ஆனால் ஆர்.ஓ. நீரை அப்படியே விடக்கூடாது. இதை நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன். பாய்லருக்குள் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் அதைத் தொட்டால் மின்சாரம் பாயும், நீர் போதும் என்று மெஷின் அறிந்துகொள்ளும். உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. பாய்லர் காலி என்று எண்ணி மெஷின் நிரப்பிக்கொண்டே போகும். சுவையும் தட்டையாகிவிடும்; காபியின் சாரத்தை இழுக்கத் தண்ணீரில் கொஞ்சம் தாது வேண்டும். ஸ்பெஷால்டி காபி அசோசியேஷன் வகுத்த டிடிஎஸ் அளவு லிட்டருக்கு 150 மில்லிகிராம், 75 முதல் 250 வரை பரவாயில்லை. என் ஆர்.ஓ. தருவது 40 சுற்றி. கால்சைட் கல் நிரப்பிய கார்ட்ரிட்ஜ் ஒன்றை அடுத்து வைத்த பிறகு 80-ஐத் தாண்டியது. அன்றைய காபியில்தான் சிக்மகளூர்க் கொட்டையின் இனிப்பு முதன்முதலாக நாக்கில் நின்றது.

ஆர்.ஓ. கழித்துத் தள்ளும் நீர் வாளிக்குப் போகிறது. தரை துடைக்க, கழிவறைக்கு. ஊருக்குப் போகும்போது பால் வால்வை மூடிவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறோம். எப்போதும் அழுத்தத்தில் நிற்கும் ஹோஸை ஆளில்லாத வீட்டில் நம்பக்கூடாது.

கோவையில் என் அண்ணன் மகள் இப்போது இதே மாதிரி மெஷின் வாங்கியிருக்கிறாள். "அத்தை, எனக்கும் அந்த ஆர்.ஓ. செட் எல்லாம் வேணுமா?" என்றாள். அவள் அடுக்ககத்தில் சிறுவாணியும் போரும் ஒரே மாடித் தொட்டியில் கலக்கின்றன. ஆனால் கீழ்த்தளத்தில், வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில், சிறுவாணி மட்டும் நிரம்பும் தனித் தொட்டி ஒன்று இருக்கிறதாம். அதிலிருந்து எடுத்தால் ஆர்.ஓ. வேண்டாம், குளோரினுக்கு ஒரு கார்பன் ஃபில்டரும் சின்ன பம்பும் போதும். முதலில் அந்தத் தொட்டித் தண்ணீரை லேபில் கொடுத்துக் கடினத்தன்மை, குளோரைடு இரண்டையும் பார்த்துவிடு என்றேன். அங்கிருந்து அவள் வீட்டுக்கு ஒரு தனி லைன் இழுக்க இரண்டு மாடி ஏற வேண்டும். சங்கத்துக் கூட்டத்தில் அனுமதி கேட்கப் போகிறாள்; வீட்டுக்கு வீடு அந்த லைனிலிருந்து குடிநீர்க் குழாய் ஒன்று எடுத்துக்கொள்ளட்டும் என்றும் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.